மாரித்தும் மாட்டிக்கொண்ட குமிழியும்

மாரித்தின் வகுப்பில் அந்தக் கினிப்பன்றியை இதுவரை யாராலும் மிஞ்ச முடியவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் யாராவது ஒருவர் வகுப்பின் முன்னால் நின்று தனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். ஒருத்தி குதிரையைப் பற்றிப் பேசினாள். ஒருவன் எரிமலையைப் பற்றிப் பேசி, சோடா உப்பில் வினிகரை ஊற்றி நுரை பொங்க வைத்தான். ஆனால் தைஸ் தன் வீட்டில் வளர்க்கும், முயல்குட்டி அளவுள்ள கினிப்பன்றியையே கொண்டுவந்துவிட்டான். பேச்சின் நடுவே அது கெர்பன் சாரின் மேசைமேல் நடந்து போய், அவர் திருத்தி வைத்திருந்த கணக்குத் தாள்களின்மேல் நிதானமாக ஒன்றுக்குப் போனது.

அதோடு சரி. அதற்குப் பிறகு யார் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கினிப்பன்றி மாதிரி வருமா?" என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

இப்போது மாரித்தின் முறை வந்திருந்தது.

"நீ என்ன கொண்டுவரப் போற?" என்று தைஸ் கேட்டான்.

"ஒரு சிப்."

"ஒண்ணே ஒண்ணா? எங்களுக்கெல்லாம் கிடையாதா?"

"திங்கற சிப்ஸ் இல்லடா! ரத்தத்தைச் சோதிக்கறதுக்கு எங்கம்மா வேலை பாக்கற இடத்துல செய்யறது. விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, அதுமேல ரப்பர். ரப்பருக்குள்ள முடியைவிட மெல்லிசா ஒரு கால்வாய் ஓடும்."

"அது ஒண்ணுக்குப் போகுமா?"

"போகாது."

"அப்ப கஷ்டந்தான்" என்று தைஸ் ரொம்ப அனுதாபத்தோடு தலையை ஆட்டினான்.

உண்மையில் கினிப்பன்றியோடு போட்டி போட மாரித் நினைக்கவே இல்லை. அந்தச் சிப்பை அவள் ஒரே ஒருத்திக்குக் காட்டத்தான் ஆசைப்பட்டாள். அவள் பெயர் இல்ஸெ.

இல்ஸெ பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு பேரும் தினமும் சைக்கிளில் சேர்ந்துதான் பள்ளிக்கு வருவார்கள். இல்ஸெவின் வாய் ஓயாது. எதிர்க்காற்று முகத்தில் அடித்தாலும் பேசிக்கொண்டேதான் மிதிப்பாள். ஆனால் மாதத்தில் ஒரு நாள் மட்டும் அவள் வாயே திறக்க மாட்டாள். அது ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் நாள்.

இல்ஸெவுக்கு முழங்காலும் கணுக்காலும் வீங்கிக்கொள்ளும் ஒரு நோய் இருந்தது. மருந்து சாப்பிட்டால் வீக்கம் அடங்கிவிடும். ஆனால் அந்த மருந்து ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடுகிறதா என்று டாக்டர்கள் அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஊசி. ஊசி போடும்போது இல்ஸெ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள்.

"மூணு குழாய்டி!" என்பாள் மறுநாள். "நான் என்ன பசுமாடா, கறந்துக்கிட்டே இருக்க?"

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனாலும் சட்டைக் கையை இழுத்து விட்டு, முழங்கையில் கன்றிப்போன இடத்தை மறைத்துக்கொள்வாள். மாரித்துக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பாவமாக இருக்கும்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மாரித் திடீரென்று கேட்டாள்.

"அம்மா, உங்க சிப்புக்கு எவ்வளவு ரத்தம் வேணும்?"

"ஒரு சொட்டு. விரல் நுனியில லேசாக் குத்தினா வருமே, அது போதும்."

"அப்ப இல்ஸெகிட்ட மட்டும் ஏன் மூணு குழாய் எடுக்கறாங்க?"

அம்மா மசித்த உருளைக்கிழங்கைக் கிளறுவதை நிறுத்தினாள். "எங்க சிப் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகலையே கண்ணு. இன்னும் சோதனை பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம். சில வருஷம் ஆகும்."

"ஆனா ஒருநாள் வந்துடுமில்ல?"

"வர வைக்கத்தானே தினமும் தலையில தொப்பியும் முகத்துல துணியுமா உக்காந்திருக்கேன்."

மாரித் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். வகுப்பில் இதைப் பற்றித்தான் பேசுவாள். ஒரு சொட்டு போதும் என்பதை இல்ஸெ தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அம்மா வேலை செய்யும் இடத்தில் கழித்துக் கட்டிய ஒரு பழைய சிப்பையும், ஒரு சின்னக் கேமராவையும் கொடுத்து அனுப்பினார்கள். கேமராவைக் கணினியில் மாட்டினால், கண்ணுக்குத் தெரியாதது எல்லாம் திரையில் பெரிதாகத் தெரியும். ரத்தத்துக்குப் பதிலாகச் சாயத் தண்ணீர். அதில் தூசியைப் போல நுண்ணிய மணிகள் மிதந்தன. சின்ன மணிகள் சிவப்பு, பெரிய மணிகள் நீலம்.

"ஒரே ஒரு விஷயம்" என்றாள் அம்மா. "உள்ள காத்து மட்டும் போயிடக் கூடாது. ஒரு குமிழி போதும், எல்லாம் அப்படியே நின்னுடும். குமிழி மாட்டிச்சுன்னா நானே அந்தச் சிப்பைக் குப்பையில போட்டுட்டு வேற எடுத்துக்குவேன்."

"எனக்கும் வேற சிப் தருவீங்களா?"

"இந்த ஒண்ணுதான்" என்றாள் அம்மா.

மாரித் இல்ஸெவிடம் போய், "செவ்வாய்க்கிழமை நீ லீவு போடவே கூடாது" என்றாள்.

இல்ஸெ சந்தேகமாகப் பார்த்தாள். "ரத்தத்தைப் பத்தியா பேசப்போற? ஊசி இருக்குமா?"

"இருக்காது."

"சத்தியமா?"

"சத்தியமா."

செவ்வாய்க்கிழமை காலையில் மழை கொட்டியது. மாரித் பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தாள். கல் பாவிய தெருவில் சைக்கிள் தடதடவென்று குதித்தது. பள்ளிக்கு வந்து பெட்டியைத் திறந்தால், சிப்பிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கழன்று கிடந்தது. மணி அடிக்கப்போகிற அவசரம். மாரித் அதை மறுபடியும் செருகிவிட்டு ஓடினாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. திரையில் சிப்பின் உள்ளே இருந்த குட்டிக் குட்டித் தூண்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. வரிசைகள் எல்லாம் கொஞ்சம் சாய்வாகப் போயின.

"இந்தத் தூணுங்களுக்கு நடுவுல தண்ணி ஓடும்" என்றாள் மாரித். "சின்ன மணி இடுக்குல நுழைஞ்சு நேராப் போயிடும். பெரிய மணி நுழைய முடியாம தூண்ல முட்டி முட்டி ஒரு ஓரமா ஒதுங்கிடும். கடைசியில ரெண்டு வாசல் இருக்கு. பெரிசு ஒரு வாசல்ல வரும், சிறுசு இன்னொரு வாசல்ல வரும். யாரும் கையால பிரிக்க வேண்டாம்."

"எங்கப்பா கூட்டத்துல அப்படித்தான் முட்டிக்கிட்டு ஓரமாப் போவார்" என்றான் தைஸ். எல்லாரும் சிரித்தார்கள். மாரித்துக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பெட்டியிலிருந்து சாயத் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சை வெளியே எடுத்தாள்.

அதில் ஊசிமுனை கிடையாது. முனை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய குழாய்தான் இருந்தது. அதனால் அதை ஊசி என்று மாரித் நினைத்துப் பார்க்கவே இல்லை.

ஆனால் முன்வரிசையில் இருந்த இல்ஸெவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் சத்தமில்லாமல் எழுந்து, மழைக்கோட்டுகள் தொங்கும் பின்சுவர் ஓரமாகப் போய், திரும்பி நின்றுகொண்டாள்.

மாரித் என்ன செய்வது என்று தெரியாமல் சிரிஞ்சை அழுத்தினாள். திரையில் சிவப்பும் நீலமுமாக மணிகள் கூட்டமாக வந்தன. முதல் வரிசைத் தூண்களைத் தொட்டன. அப்படியே நின்றன.

தூண்களுக்கு நடுவில் பளபளவென்று ஒரு வட்டம். திரையில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்தது.

"அது என்ன?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள்.

"குமிழி" என்றாள் மாரித்.

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். குமிழி நகரவில்லை.

"தள்ளு, நான் பாக்கறேன். எனக்குக் கை பலம் ஜாஸ்தி" என்று தைஸ் ஓடி வந்தான். மாரித் தடுப்பதற்குள் சிரிஞ்சைப் பிடித்து ஒரே அழுத்து.

பட்டென்று குழாய் கழன்றது. சாயத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போய், கெர்பன் சாரின் கண்ணாடியிலும் வெள்ளைச் சட்டையிலும் அடித்தது.

வகுப்பே கூரை பிய்ந்துபோகும்படி சிரித்தது.

"கினிப்பன்றிக்கு இது சளைச்சதில்ல!" என்று யாரோ கத்தினார்கள்.

கெர்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்த வகுப்புல என் மேசைக்குத்தான் பாதுகாப்பு இல்லன்னு நினைச்சேன். எனக்கும் இல்ல போலிருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "மாரித், நீ நல்லாத்தான்மா பேசினே. இத்தோட நிறுத்திக்கலாம். விளையாட்டு வகுப்புக்கு நேரமாச்சு" என்றார்.

மாரித் பின்சுவரைப் பார்த்தாள். இல்ஸெவின் முதுகுதான் தெரிந்தது. இப்போது நிறுத்தினால், இல்ஸெ பார்த்தது ஒரு சிரிஞ்சு மட்டும்தான் என்று ஆகிவிடும். ஊசி இருக்காது என்று சத்தியம் செய்துவிட்டு அதைக் காட்டியதாகவும் ஆகிவிடும்.

"சார், கொஞ்ச நேரம் குடுங்க. யோசிச்சுக்கறேன்" என்றாள்.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார். "சரி" என்றார்.

குமிழி வாசல் வழியாக வெளியே வரமாட்டேன் என்கிறது. ஓங்கி அழுத்தினால் குழாய்தான் கழல்கிறது. வேறு எப்படி அதை வெளியே அனுப்புவது? மாரித் அண்ணாந்து பார்த்தாள்.

ஜன்னலில் பலூன்கள் தொங்கின. போன வாரம் ஒரு பையனின் பிறந்தநாளுக்குக் கட்டியவை. அன்றைக்கு வெடித்துவிடும்போல விறைப்பாக இருந்தன. இன்றைக்குச் சுருங்கித் தொய்ந்து கிடந்தன.

"சார், அந்தப் பலூனை யாராவது அவிழ்த்து விட்டாங்களா?"

"இல்லையே. முடிச்சு அப்படியே இருக்கு பாரு."

"ஓட்டை ஏதாவது?"

"ஓட்டை இருந்தா அன்னிக்கே போயிருக்கும். பலூன் எப்பவும் தானாத்தான் சுருங்கும்."

"அப்ப உள்ள இருந்த காத்து எங்க போச்சு?"

கெர்பன் சார் ஒரு பலூனை அழுத்திப் பார்த்தார். "ரப்பர் வழியாவே கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கும்" என்றார்.

"சிப்பும் ரப்பர்தானே சார்!" மாரித் கிட்டத்தட்டக் குதித்தாள். "வாசல் வழியா வரலைன்னா அது கூரை வழியாப் போகட்டும்! ரெண்டு வாசலையும் மூடிட்டு, உள்ள தண்ணியை மெதுவா அழுத்திக்கிட்டே இருந்தா, காத்து ரப்பருக்குள்ள போயிடும். மெதுவா அழுத்தணும், அவ்வளவுதான்."

"அடைச்சுக்கிட்டதைத் திறக்கறதுக்கு, இருக்கற வாசலையும் மூடப்போறியா?" என்றான் தைஸ்.

"ஆமா."

"சரி" என்றான் தைஸ். சாரின் சட்டையைப் பார்த்த பிறகு அவனுக்கு வாதாடத் தெம்பில்லை.

ஓவியங்கள் தொங்கிய கொடியிலிருந்து துணிக் கிளிப் இரண்டை எடுத்து, வெளிவாசல் குழாய்களை மடக்கி மாட்டினாள். கழன்ற குழாயைக் காற்று புகாமல் பார்த்துப் பார்த்துச் செருகினாள். பிறகு சிரிஞ்சை மெதுவாக அழுத்தினாள். ஆனால் அவள் விரல்கள் நடுங்கின. விரல் நடுங்கும்போதெல்லாம் திரையில் மணிகள் முன்னும் பின்னும் துள்ளின. குமிழியும் சேர்ந்து ஆடியது.

"நான் வேணா..." என்று தைஸ் ஆரம்பித்தான்.

"வேணாம்!" என்று வகுப்பு மொத்தமும் கத்தியது. கெர்பன் சாரின் குரல்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கேட்டது.

ஆடாமல் அசையாமல் ஒரே மாதிரி அழுத்த யாரால் முடியும்? மாரித் யோசித்தாள். பிறகு சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் பின்சுவருக்குப் போனாள்.

"இல்ஸெ, மன்னிச்சுடுடி" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "முனை இல்லாட்டி அது ஊசி இல்லன்னு நினைச்சுட்டேன். உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சத்தியம் பண்ணே நீ" என்றாள் இல்ஸெ, சுவரைப் பார்த்தபடியே.

"பண்ணேன். தப்புத்தான்."

இல்ஸெ பாதி திரும்பினாள். "எல்லாரும் எதுக்குக் கத்தினாங்க?"

"குமிழி மாட்டிக்கிச்சு. ஆடாம அழுத்தணும். என் கை நடுங்குது. தைஸ் கையைப் பத்தி உனக்கே தெரியும்." மாரித் தயங்கினாள். "உனக்குப் பிடிக்கலைன்னா வேணாம். இத்தோட முடிச்சுக்கறேன். நிஜமாத்தான் சொல்றேன்."

இல்ஸெ மூக்கை உறிஞ்சினாள். "ஆடாம இருக்கறதுல இந்த ஸ்கூல்லயே என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆடினா இன்னொரு தடவை குத்துவாங்களே!" பிறகு கையை நீட்டினாள். "எங்க, முனையைக் காட்டு."

மாரித் அவளை மேசைக்குக் கூட்டிப்போய்ச் சிரிஞ்சைக் காட்டினாள். இல்ஸெ குழாய் செருகியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கூராக எதுவுமே இல்லை.

"சரி, குடு" என்றாள்.

இல்ஸெ மேசை முன்னால் உட்கார்ந்து, முழங்கையை ஊன்றி, சிரிஞ்சைப் பிடித்து அழுத்தினாள். அவள் கை கல்லைப்போல நின்றது. திரையில் மணிகள் துள்ளவில்லை.

"இப்படியே எவ்வளவு நேரம்?"

"தெரியாது. பலூனுக்கு நாலு நாள் ஆச்சு."

"நாலு நாளா!" என்று இல்ஸெ சிரித்துவிட்டாள். கை மட்டும் அசையவில்லை.

வெளியே மழை பெய்யும் சத்தம் மட்டும் கேட்டது. கெர்பன் சார் விளையாட்டு வகுப்பை மறந்துவிட்டு, ஒரு மாணவனின் மேசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"சின்னதாகுது!" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள்.

ஆமாம். தட்டு அளவு இருந்த குமிழி கோப்பை அளவு ஆகியிருந்தது. மறுபடி பார்த்தால் சட்டைப் பொத்தான் அளவு. அதன்பின் ஒரு புள்ளி. அதன்பின் அதுவும் இல்லை.

"காணோம்!" என்று தைஸ் அலறினான்.

மாரித் கிளிப்புகளை எடுத்தாள். அணை திறந்த மாதிரி மணிகள் கிளம்பின. சிவப்பு மணிகள் தூண்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து நேராக ஓடின. நீல மணிகள் ஒவ்வொரு தூணிலும் முட்டி, ஒரு பக்கமாக நகர்ந்து, நகர்ந்து, நகர்ந்து, கடைசியில் தனியாக ஒரு வரிசையாகிவிட்டன. ஒரு குழாயில் சிவப்பு இறங்கியது. மற்றதில் நீலம் இறங்கியது.

பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். இல்ஸெ மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுல நீலம் எதுக்கு?" என்று கேட்டாள்.

"அதை வெள்ளை அணுன்னு வச்சுக்கோ. உனக்கு எண்ணுவாங்களே, அதுதான். இப்படித் தனியாப் பிரிஞ்சு வந்தா சுலபமா எண்ணிடலாம்."

"இப்ப உள்ள எவ்வளவு போச்சு?"

"ஒரு சொட்டு."

இல்ஸெ சிரிஞ்சைப் பார்த்தாள். தைஸ் பீய்ச்சியது போக மீதி அப்படியே இருந்தது. "அப்ப வியாழக்கிழமை எனக்கு...?"

மாரித்துக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "வியாழக்கிழமை மூணு குழாய்தான்டி. இது ஆஸ்பத்திரிக்கு வர இன்னும் சில வருஷம் ஆகுமாம்."

இல்ஸெ உதட்டைப் பிதுக்கினாள். பிறகு, "உங்கம்மாவைச் சீக்கிரம் செய்யச் சொல்லு. குமிழி வந்தா குப்பையில போட வேணாம், என்னைக் கூப்பிடச் சொல்லு" என்றாள்.

பேச்சு முடிந்ததும் கேட்டவர்கள் ஒரு பாராட்டும் ஒரு யோசனையும் சொல்வது அந்தப் பள்ளியில் வழக்கம். தைஸ்தான் முதலில் கையைத் தூக்கினான்.

"பாராட்டு, சார் மேல சாயம் அடிச்சதுக்கு. யோசனை, அடுத்த தடவை சாருக்கு ஒரு மழைக்கோட்டு குடுத்துடு."

"கினிப்பன்றியைவிட நல்லா இருந்துச்சா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

தைஸ் வெகுநேரம் யோசித்தான். அவனுக்கு அது லேசான கேள்வி இல்லை.

"சமம்" என்றான் கடைசியில்.

வியாழக்கிழமை மாரித்தும் இல்ஸெவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இல்ஸெ வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்ததில், காரை ஓட்டிய அவள் அம்மா திரும்பவேண்டிய தெருவை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குள் போய்விட்டாள். நர்ஸ் மூன்று குழாய்களையும் எடுத்து வைத்துவிட்டு, எப்போதும்போல, "அந்தப் பக்கம் திரும்பிக்கறியா கண்ணு?" என்று கேட்டாள்.

இல்ஸெ சட்டைக் கையைத் தானே மடித்துவிட்டுக்கொண்டு, கையை மேசைமேல் நீட்டினாள். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் திரும்பவில்லை.

"வேணாம்" என்றாள். "நீங்க சரியா பண்றீங்களான்னு விஷயம் தெரிஞ்சவங்க யாராவது பாக்கணுமில்ல?"